அவள் பெயரில் வந்த மின்னஞ்சல்

என் மனைவி இறந்து பதினோரு மாதம் கழித்து, அவளுடைய முகவரியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. செனாய் பக்கம் நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அப்போது காலை பத்து மணி இடைவேளை. கேண்டீனில் உட்கார்ந்து, அலுவலகத்திலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கைப்பேசியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அவள் பெயர் இருந்தது.

ஆங்கிலத்தில் ஒரே வரி. இந்தப் படத்தில் இருப்பது நீங்கள்தானா, பாருங்கள் என்ற மாதிரி. கீழே நீல எழுத்தில் ஓர் இணைப்பு. அவள் எனக்கு ஒருநாளும் ஆங்கிலத்தில் எழுதியதில்லை. நேரில் கூப்பிடுவது போலவே எழுத்திலும் 'ஏங்க' என்றுதான் ஆரம்பிப்பாள். இது வைரஸின் வேலை என்று பார்த்த உடனே தெரிந்தது. இதைப் பற்றித் தொழிற்சாலையில் எங்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறார்கள். தெரியாத இணைப்பைத் தொடாதே என்று மலாயில் எழுதிச் சுவரில் ஒட்டியும் இருக்கிறார்கள். அவ்வளவும் தெரிந்துதான் தொட்டேன். ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து என் கடவுச்சொல்லைக் கேட்டது. அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். ஆனால் பக்கத்தை மூட மனம் வரவில்லை. வேலை மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் தே தாரே தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

மதியம் பண்டார் தெங்காராவிலிருந்து அவளுடைய தோழி கூப்பிட்டார். இருவரும் கூலாயில் ஒரே பாலர் பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். கணவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்ததும் தோழி அங்கே குடிபோய், அங்குள்ள பாலர் பள்ளியில் சேர்ந்துவிட்டார். நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணே, ஒங்களுக்கும் வந்திச்சா?"

"வந்திச்சு டீச்சர்."

"பேரப் பாத்ததும் அவளே எழுதிட்டான்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன். வைரஸ்னு தெரியும். ஆனாலும் தொறந்துட்டேன்."

"நானும்தான்."

அந்தப் பக்கம் பிள்ளைகள் ஏதோ ஒரு பாட்டை ஆளுக்கொரு வேகத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். "சரிண்ணே, கிளாஸ் இருக்கு" என்று அவர் வைத்துவிட்டார்.

மாலை வீட்டுக்கு வரும் வழியில் என் மைத்துனர் கூப்பிட்டார். மனைவியின் அண்ணன். கோத்தா திங்கியில் அம்மாவோடு இருக்கிறார். அவர் குரலில் கோபம் இருந்தது.

"என்ன மாப்ள இது? அம்மா டேப்லட்ல வந்திருக்கு. 'புள்ள ஏதோ எழுதியிருக்கா, படிச்சுக் காட்டு'ன்னு காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் என்னான்னு சொல்றது?"

"அது அவ எழுதினது இல்ல மச்சான். கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்திருக்கு."

"எனக்குத் தெரியுது லா. அம்மாவுக்கு யாரு சொல்றது? நீங்க வந்து சொல்லுங்க."

சரி செய்துவிட்டு நானே வருகிறேன் என்றேன். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. மகள் இறந்தது அவருக்குத் தெரியும். இறுதிச் சடங்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். நினைவு தடுமாறுகிறவரும் இல்லை. ஆனாலும் திரையில் மகளின் பெயரைப் பார்த்ததும் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கைப்பேசி கிடையாது. வேண்டாம் என்று பிடிவாதம். பழைய டேப்லட் ஒன்றுதான். அதனால் என் மனைவி அவருக்கு எதை அனுப்பினாலும் மின்னஞ்சலில்தான் அனுப்புவாள்.

எங்கள் வீட்டுக் கணினி, பின்பக்க அறையில் அவளுடைய தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அறை அவளுடைய அறையாகிவிட்டது. பாலர் பள்ளிக்கு வேண்டிய பயிற்சித் தாள்களை அங்கே உட்கார்ந்துதான் தயாரிப்பாள். புள்ளி வைத்த எழுத்துகள், வண்ணம் தீட்டப் படங்கள், எண்களைக் கோடு போட்டு இணைக்கும் தாள்கள். அதற்காகக் கண்ட இடத்திலிருந்தெல்லாம் எழுத்துருக்களும் படங்களும் இறக்குவாள். ஒவ்வொன்றோடும் வேறு ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். இணைய உலாவியின் தலையில் மூன்று வரிசைப் பட்டைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று எங்கோ ஓர் ஊரின் வெப்பநிலையைக் காட்டும். இன்னொன்று தினமும் ராசிபலன் சொல்லும். திரையின் மூலையில் யாரோ ஒரு பெண் சிரித்தபடி எழும்பி, தள்ளுபடி விலையில் காலணி வாங்கச் சொல்வாள்.

அதற்காக அவளை நான் திட்டியது கொஞ்ச நஞ்சமல்ல. தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் முன்னாலேயே ஒருமுறை, "இவ கையில கம்ப்யூட்டரக் குடுத்தா குப்பைத் தொட்டி ஆக்கிருவா" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனபிறகு அவள் சொன்னாள்: "பிள்ளைங்களுக்கு எழுத்து அழகா இருந்தாத்தானே எழுத ஆசை வரும். ஒங்க ரிப்போர்ட்ட யாரு பாக்கறாங்க?" இருந்தாலும் திட்டுவதை விடவில்லை.

அவள் போனபிறகு எதையும் நான் நீக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கணினியைத் திறந்து வைப்பேன். அது எழுந்து வர நெடுநேரம் ஆகும். அந்த ஊரின் வெப்பநிலையையும் அவளுடைய ராசிபலனையும் படிப்பேன். காலணிப் பெண்ணைக்கூட மூடாமல் விட்டிருந்தேன். இப்போது மின்னஞ்சல் விஷயம் வந்ததும், அவள் இறக்கி வைத்த குப்பையில் ஏதோ ஒன்றுதான் இத்தனை நாள் பதுங்கியிருந்து இதைச் செய்கிறது என்று முடிவு கட்டினேன். அப்போதும் அவள்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்குப் பழகியதுதான், அதனால் வந்தது பிடித்தும் இருந்தது.

சனிக்கிழமை நானே முயன்று பார்த்தேன். தொழிற்சாலைக் கணினிப் பிரிவில் ஒருவரிடம் கேட்டு, வைரஸ் துடைக்கும் மென்பொருளைத் தம்ப்டிரைவில் கொண்டுவந்து போட்டேன். காலையில் தொடங்கிய சோதனை மதியச் சாப்பாடு முடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பில் வரிசையாகப் பெயர்கள் ஏறின. எல்லாவற்றையும் நீக்கு என்று அழுத்தினேன். கணினியை அணைத்துப் போட்டதும் பாதி திரும்ப வந்து நின்றது. அன்று மாலையே டீச்சர் கூப்பிட்டு, இன்னொரு கடிதம் வந்திருக்கிறது என்றார்.

மறுநாள் கணினியைக் கழற்றி, கூலாய் கடைத்தெருவில் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப்போனேன். காரில் பெட்டியை முன் இருக்கையில் வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும், ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து வண்டி விடாமல் பீப் ஒலி எழுப்பத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, பெட்டிக்கு இருக்கை வாரை மாட்டிவிட்டேன்.

கடை மாடியில் இருந்தது. கீழே சீன மருந்துக் கடை, படியேறும்போதே வேர்களின் வாசம் அடிக்கும். கடையை நடத்துகிறவர் நம் தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நாலைந்து கணினிகள் மேசைமேல் வயிறு திறந்து கிடந்தன. வைரஸ் புகுந்திருக்கிறது என்று மட்டும் நான் சொல்ல, அவர் ஒயரை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"ஃபார்மேட் பண்ணிட்டா அரை நாள்ல முடிஞ்சிரும் அண்ணே. எல்லாம் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடுத்துருவேன். வைரஸுக்கு அதான் நல்லது."

"ஃபார்மேட் வேணாம்மா."

"ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் காப்பி எடுத்துத் தந்துருவேன். பயப்படாதீங்க."

"ஃபோட்டோ மட்டும் இல்லமா."

"வேற என்னா இருக்கு?"

அதற்குள் திரை ஒளிர்ந்தது. அவள் பெயர், பக்கத்தில் ஒரு செம்பருத்திப் படம். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அக்காவோடதா? அவங்களையே கேட்டுட்டா சுலபமா இருக்குமே, என்னா என்னா போட்டாங்கன்னு" என்றார்.

"அவங்க இல்லமா. போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க பேர்லதான் எல்லாருக்கும் லெட்டர் போவுது."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டார். "ஒக்காருங்கண்ணே. ஒண்ணொண்ணாப் பாத்து எடுப்போம்."

முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்தார். கணினியை வேறு ஒரு முறையில் எழுப்பினார். திரை பெரிய எழுத்துகளோடு வெளிறிப்போய்த் தெரிந்தது. இப்படி எழுப்பினால் வைரஸ் விழித்துக்கொள்ளாது என்று சொன்னார். பிறகு அதில் ஏற்றியிருந்த மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இது வேணுமா? வெதர் காட்டறது."

"அது எந்த ஊருமா? எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

உற்றுப் பார்த்தார். "நோர்வேல ஏதோ ஊரு."

எழுத்துரு வாங்கப்போன இடத்தில் ஒட்டிக்கொண்ட ஊர். அங்கே எத்தனை டிகிரி என்று அவள் காலையில் எனக்குச் சொல்லியிருக்கிறாள். "ஏங்க, இன்னிக்கு மைனஸ் பதினொண்ணு. போர்வ எடுத்துக்கிட்டுப் போங்க" என்பாள், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். "எடுத்துடுங்க" என்றேன். ராசிபலனையும் எடுக்கச் சொன்னேன். ஒரு புதிர் விளையாட்டு வந்தது. துண்டு துண்டாக இருக்கும் படத்தைச் சேர்ப்பது. பள்ளி விடுமுறையில் அவள் மணிக்கணக்கில் அதில் உட்கார்ந்திருப்பாள். "இது வைரஸா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அதை மட்டும் விடச் சொன்னேன்.

"அண்ணே, இதெல்லாம் தொல்லதான். ஆனா இதெதுவும் திருடல" என்றார் அவர். "அக்கா போட்டதுல ஈமெயிலத் திருடற மாதிரி ஒண்ணும் இல்ல." பட்டியலைத் தேதி வாரியாக மாற்றினார். ஒரு வரியில் விரலை வைத்தார். "இதுதான். இது சமீபத்துலதான் ஏறியிருக்கு. அக்கா போனப்புறம். யாராச்சும் இதத் தொட்டாங்களா?"

தேதியைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

அன்று நான் வருடத் திதிக்கு மாட்ட ஒரு படம் தேடிக்கொண்டிருந்தேன். அவளுடைய பழைய கைப்பேசியின் மெமரி கார்டு ஒன்று தையல் பெட்டியில் கிடைத்தது. அதில் படங்களோடு ஒரே ஒரு வீடியோ இருந்தது. பெயர் இல்லை, எண்கள் மட்டும். எதில் திறந்தாலும் திறக்கவில்லை. இணையத்தில் தேடினேன். இந்த பிளேயரைப் போட்டால் எல்லா வீடியோவும் ஓடும் என்று ஒரு பக்கம் சொன்னது. அது கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் படிக்காமலே ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே போனேன். கடைசிவரை வீடியோ ஓடவில்லை. மனம் கசந்து கணினியை அணைத்துவிட்டேன்.

அவரிடம் அதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பாஸ்வர்டெல்லாம் அக்கா பிரவுசர்லயே சேவ் பண்ணி வச்சிருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாமா. மறந்துரும்னு."

"அதத்தான் எடுத்திருக்கு. நெறைய பேருக்கு இப்படித்தான் ஆவுதுண்ணே."

இத்தனை வருடம் நான் குப்பை என்று திட்டியதில் ஒன்றுகூட யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அவளைப் பார்க்கும் ஆசையில் நான் ஒரே ஒரு மென்பொருளை ஏற்றினேன். அது அவள் பெயரைத் திருடி, அவள் அம்மாவரைக்கும் போய்விட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. எதிரில் செம்பருத்திப் படம் மட்டும் இருந்தது.

அவர் அந்த பிளேயரையும், அது மறைத்து வைத்திருந்த கோப்புகளையும் தேடித் தேடி நீக்கினார். ஓர் இடத்தில் அழித்தால் இன்னோர் இடத்திலிருந்து எழுந்து வந்தது. "அலமாக், விட மாட்டேங்குதே" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு, அது கணினி எழும்பும்போதே தானாக ஓடும்படி எங்கெங்கே எழுதி வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக வெட்டினார். இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் முழுச் சோதனை ஓட்டினார். பட்டியல் காலியாக வந்தது.

"அந்த வீடியோ இருக்கா அண்ணே? சுத்தமா இருக்கான்னு பாத்துட்டு என் மிஷின்ல போட்டுக் காட்டறேன்."

மெமரி கார்டு என் பணப்பையில்தான் இருந்தது. அவர் அதைச் சோதித்துவிட்டுத் தன் கணினியில் ஓடவிட்டார். உடனே ஓடியது.

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம். அது தரையில் குதித்துக் குதித்து நகர்கிறது. பின்னால் அவள் குரல்: "இப்படித்தான் அதுருது, பாத்துக்குங்க. துணி கம்மியாத்தான் போட்டிருக்கேன். சத்தம் கேக்குதா? இந்தா, இப்ப." ஒரு பெரிய தடார். "இதான் சத்தம்." அவ்வளவுதான். பழுது பார்ப்பவருக்கு அனுப்ப எடுத்திருக்கிறாள். நாற்பது விநாடிகூட இருக்காது. படத்தில் அவள் இல்லவே இல்லை. ஓரத்தில் ஒருமுறை அவளுடைய கால் பெருவிரல் தெரிந்து மறைந்தது.

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு நான் இன்னொரு முறை போடச் சொன்னேன். அதற்கப்புறம் ஒருமுறையும் போட்டார், நான் கேட்காமலே.

மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்ற அவளுடைய எண்ணுக்கு ஒரு குறியீடு வரும் என்றார். அவள் எண்ணை நான் வெட்டாமல் வைத்திருந்தேன். கைப்பேசி வீட்டில் அலமாரியில் இருந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் அதைச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி படியேறினேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். என் உள்ளங்கையில் அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. இத்தனை மாதத்தில் அதற்கு வந்த முதல் செய்தி. ஆறு எண்கள். நான் படிக்க, அவர் தட்டினார். புதிய கடவுச்சொல்லை நானே வைத்தேன்.

"இன்னும் ஒண்ணுதாண்ணே. பிரவுசரத் தொடச்சிட்டுப் புதுசாப் போடணும். அதுல என்னா ஒட்டிக்கிட்டிருக்குன்னு சொல்ல முடியாது. பழசெல்லாம் போயிரும். அக்கா என்னா தேடினாங்க, எங்க போனாங்க, அதெல்லாம்."

"தேடினதெல்லாம் இருக்கா?"

"ஒரு எழுத்து அடிச்சா வரும் பாருங்க, அது." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "நான் கீழ போயி தண்ணி வாங்கிட்டு வரேன். ஒங்களுக்குக் கோப்பியா, தேயா?"

அவர் போனபிறகு தேடும் பெட்டியில் ப என்று அடித்தேன். அவள் அடித்து வைத்தது கீழே தொங்கியது. பட்டாம்பூச்சி படம் வண்ணம் தீட்ட. பச்சை மிளகாய் செடி இலை சுருட்டு. க அடித்தேன். குறட்டை நிற்க என்ன செய்ய. அது நான்தான். த அடித்தேன். தண்ணீர் பயம் போக வழி. அதற்குக் கீழே, தண்ணீர் பயம் உள்ளவர்கள் நீச்சல் கற்கலாமா. கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ந அடித்தேன். நீச்சல் வகுப்பு பெரியவர்கள் பெண்கள் கூலாய்.

கோத்தா திங்கியில் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் அவள். சிறுபிள்ளையாக இருந்தபோது வெள்ளம் வீட்டுக்குள் வந்து, அம்மாவும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு நாள் இருந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் தண்ணீர் என்றாலே ஒதுங்குவாள். கடற்கரைக்குப் போனால் கணுக்கால் நனையும் தூரத்தோடு நின்றுவிடுவாள். நான் உள்ளே போய்க் கையசைத்துக் கூப்பிட்டால், செருப்பைக் கையில் பிடித்தபடி தலையை ஆட்டுவாள். அவள் நீந்தக் கற்றுக்கொள்ள நினைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருபத்தொரு வருடம். பக்கத்து அறையில்தான் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அவர் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கோப்பியோடு திரும்பி வந்தார். "வேணும்னா இதக் காப்பி எடுத்து வைக்கலாம்ணே" என்றார் மெதுவாக.

யோசித்தேன். அவள் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அவள் கைப்பையை நான் திறந்ததில்லை. இதுவும் அப்படித்தான் பட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தேடியவை. "வேணாம்மா, தொடச்சிருங்க" என்றேன். அன்று அது சரியென்று தோன்றியது. இப்போது சில நாட்கள் அப்படித் தோன்றுவதில்லை. ஏதாவது தேட உட்கார்ந்து முதல் எழுத்தை அடித்ததும், கீழே ஒன்றும் வராத அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

இனி அவள் முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் விளக்கம் எழுத வேண்டும். அவள் முகவரியிலிருந்துதான் எழுத வேண்டும், அப்போதுதான் எல்லாருக்கும் போய்ச் சேரும் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து மூன்று முறை எழுதி அழித்தேன். முதலில் எழுதியது தொழிற்சாலை அறிவிப்பு மாதிரி இருந்தது. கடைசியில் இப்படி அனுப்பினேன்: 'இதை எழுதுவது அவளுடைய கணவன். சில நாட்களாக அவள் பெயரில் வந்தவை அவள் எழுதியவை அல்ல. அந்த இணைப்புகளைத் தொட வேண்டாம். தொட்டிருந்தால் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தவறு என்னுடையது. அவள் பெயரைப் பார்த்து உங்கள் மனம் பதறியிருந்தால் மன்னிக்க வேண்டும்.'

பதில்கள் வந்தன. பாலர் பள்ளியில் படித்த பிள்ளைகளின் தாய்மார்களே அதிகம். ஒருவர், தன் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு, இன்னும் என் மனைவி சொல்லிக்கொடுத்த மாதிரியே 'ழ' எழுதுகிறாள் என்று எழுதியிருந்தார். தோழி பதில் எழுதவில்லை, கூப்பிட்டார். அவரிடம் நீச்சல் பற்றிக் கேட்டேன்.

"தெரியும்ணே. ரெண்டு பேரும் சேந்து போலாம்னு சொன்னா. அதுக்கு உடுப்புகூடப் பாத்து வச்சிருந்தா, முழுக்கை வச்சது. நான்தான் வெக்கமா இருக்கு, அடுத்த லீவுல பாப்போம்னு தள்ளிப் போட்டேன். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னா. கத்துக்கிட்டு ஒருநாள் கடல்ல எறங்கிக் காட்டணும்னு சொன்னா."

"இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் கோத்தா திங்கிக்குப் போனேன். இருபக்கமும் செம்பனை மட்டுமே ஓடும் சாலை. மாமியாரிடம் என்ன சொல்வது என்று வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் முன்னறையில் டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைத்துனர் சாப்பாடு வாங்கக் கிளம்பிப் போனார். எங்களைத் தனியாக விடத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

"அத்தை, அந்த லெட்டர் அவ எழுதினது இல்ல. கம்ப்யூட்டர்ல என் தப்பால ஒண்ணு பூந்துருச்சு. அது அவ பேர்ல எல்லாருக்கும் அனுப்புச்சு."

"பெரியவன் சொன்னான்." சேலைத் தலைப்பால் டேப்லட்டின் கண்ணாடியைத் துடைத்தார். "இப்ப நிப்பாட்டிட்டீங்களா மாப்ள?"

"நிப்பாட்டிட்டேன்."

"இனிமே வராதா?"

"வராது அத்தை."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் புரியுது, அது அவ இல்லன்னு. ஆனா வந்தா வந்துட்டுப் போவட்டும்னு இருந்தேன். காலையில தொறந்தா பேரு இருக்கும்."

டேப்லட்டைக் கேட்டு வாங்கினேன். மேலே நான் அனுப்பிய விளக்கமும், அதற்குக் கீழே அந்தப் பொய்க் கடிதங்கள் நான்கும் இருந்தன. எல்லாவற்றையும் அழித்தேன். அழித்ததும் அவற்றுக்குக் கீழே இருந்தவை மேலே ஏறி வந்தன. அவள் நிஜமாக எழுதியவை. வரிசையாக, வருடக்கணக்கில். அவருக்கு இவ்வளவு கீழே போய்ப் பார்க்கத் தெரியாது. புதிதாக வந்ததை மட்டும் திறந்து பார்ப்பார்.

"அத்தை, இதெல்லாம் அவ எழுதினது. படிக்கட்டுமா?"

"எது?"

"'அம்மா, மீன் வாங்கி வச்சிருக்கோம். ஞாயித்துக்கெழம வரோம். நீங்க ஒண்ணும் சமைக்க வேணாம்.'"

"நான் சமைச்சு வச்சிருந்தேன் அன்னிக்கு" என்றார் மாமியார். "அவ மீனப் பிரிட்ஜ்லயே விட்டுட்டுப் போய்ட்டா. அடுத்தது படிங்க."

அடுத்ததில் படம் மட்டும் இருந்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் செய்த கிரீடங்களோடு நிற்கிறார்கள், கடைசியில் அவள், அவளுக்கும் ஒரு கிரீடம். மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, டேப்லட்டை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அதற்கடுத்து, கருவேப்பிலைக் கன்று பிழைத்துவிட்டது என்று ஒன்று. நான் படித்துக்கொண்டே போனேன். மைத்துனர் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு உள்ளே வந்து, எங்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.